பிடித்த கை விடட்டும்!

அக்காள்மடம்!

இராமேசுவரம் தீவிலே, பாம்பனைக் கடந்து தங்கச்சிமடம் நோக்கிச் செல்லும் சாலையோரத்திலே அமைந்த சிற்றூர். வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். இடையிலே மணல், மணலிலே தென்னையும் பனையும், அவற்றின் நிழலிலே கடலை நம்பி வாழும் மக்கள்.

அவ்வூரில் ஒரு மாலைப்பொழுது. பள்ளி விட்டபின், ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துக் கொண்டிருந்தோம். கைப்பிடி அவள் கையிலே. இருக்கையின் பின்புறம் நம் கையிலே. வண்டி பத்தடி ஓடும், சாயும், விழும். அவள் எழுவாள், பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு மீண்டும் ஏறுவாள்.

வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பத்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் டீச்சர், இன்னிக்கோ நாளைக்கோ சமையப்போற புள்ள. அதுக்கு எதுக்குச் சைக்கிளு? விழுந்து கையைக் காலை ஒடிச்சுக்கிட்டா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?"

அந்த மூதாட்டி கொடியவர் அல்லர். பேத்தியின்மீது உயிரையே வைத்திருப்பவர். காய்ச்சல் என்றால் இரவெல்லாம் கண்விழித்திருப்பவர். அத்தகையவர் வாயிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது. பேசியது அவர் நாக்கு, பேசவைத்தது பழமை!

"ஒடிச்சுக்காம ஓட்டத்தான் சொல்லிக்குடுக்குறோம், அப்பத்தா" என்றோம். அவர் சிரித்தார். ஆனால் ஒப்பவில்லை.

அந்த வீட்டிலே இன்னொரு பெண் இருக்கிறாள். சிறுமியின் அக்காள். பத்தாம் வகுப்பிலே நன்றாகத் தேறியவள். தேறிய பிறகு வீட்டிலே நிறுத்தப்பட்டவள். அறிவு குறைவா? இல்லை. ஆர்வம் குறைவா? இல்லை. பிறகு ஏன்? மேல்வகுப்புப் பள்ளி எட்டி இருக்கிறது. பேருந்து நேரத்துக்கு வருவதில்லை. தகப்பன் கடலுக்குப் போய்விடுகிறார். கூட்டிச்சென்று விட்டு, கூட்டிக்கொண்டு வர ஆள் இல்லை. தனியே நடந்து போகவிட மனம் இல்லை. அவ்வளவுதான்! சில கல் தொலைவு, ஒரு பெண்ணின் படிப்பைத் தின்றுவிட்டது.

எனவே, அன்று மாலை நாம் கற்றுக்கொடுத்தது விளையாட்டு அல்ல. அப்பத்தாவின் கேள்விக்கு வேலியோரத்தில் நின்று சொல்லிமுடிக்க முடியாத பதிலை இங்கே சொல்ல முனைகிறோம். அந்தப் பதில் ஒரு வரலாறு.

ஊரின் பெயரிலே இரு பெண்கள்

அக்காள்மடம் என்றும் தங்கச்சிமடம் என்றும் அடுத்தடுத்து இரண்டு ஊர்கள் ஏன் இருக்கின்றன? யார் அந்த அக்காள்? யார் அந்தத் தங்கை?

சேதுச் சீமையிலே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆண்ட விசயரகுநாத சேதுபதிக்கு மகள்மார் இருவர். இருவரையும் மணந்தவன் ஒருவனே. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகரிடம் பணம் வாங்கினான் என்று அந்த மருமகன்மீது குற்றம் சாட்டப்பட்டது. மன்னர், மருமகன் என்றும் பாராமல் மரண தண்டனை விதித்தார். கணவன் மாண்டான். மனைவியர் இருவரும் உடன்கட்டை ஏறினர். அக்காளின் நினைவாக ஒரு மடம், தங்கையின் நினைவாக ஒரு மடம்.

மன்னரின் நீதி போற்றப்படுகிறது. மகளிரின் கற்பு போற்றப்படுகிறது. ஆனால், எண்ணிப் பாருங்கள்! குற்றம் சாட்டப்பட்டவன் ஒருவன். அதை விசாரித்தவர் ஒருவர். எரிந்தவர்கள் யார்? எந்தக் குற்றமும் சாட்டப்படாத இரு பெண்கள்! அவர்களை எவரும் தண்டிக்கவில்லை. கணவன் போனபின் அவர்கள் போவதற்கு வேறு பாதையை எவரும் விட்டுவைக்கவும் இல்லை.

காசியிலிருந்து வருவோனும் கன்னியாகுமரியிலிருந்து வருவோனும் தங்கிச் செல்ல மடம் எழுந்தது. வழிப்போக்கனுக்கு வழியிலே நிழல்! ஊரிலே பிறந்த பெண்ணுக்கோ, வழியே இல்லை! உடன்கட்டை ஏறுவதை 1829ஆம் ஆண்டு பெண்டிங்கு சட்டம் போட்டுத் தடுத்தார். தீ அணைந்தது. ஆனால், ஆண்துணை இல்லாத பெண் எங்கே போவது என்ற அந்தப் பழைய கேள்வி அணைந்ததா? அணைந்திருந்தால், பத்தாம் வகுப்புத் தேறிய பெண் கூட்டிச்செல்ல ஆளில்லை என்று வீட்டிலே நிற்பாளா?

மரக்குதிரையிலிருந்து மிதிவண்டி வரை

1817ஆம் ஆண்டு. செருமானிய நாட்டு மான்கைம் நகரிலே, காரல் திரைசு என்பவர் ஒரு விந்தையான வண்டியின்மீது அமர்ந்து தெருவிலே வந்தார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மரச்சக்கரங்கள். நடுவே ஒரு கட்டை. மிதிப்பதற்கு எதுவும் இல்லை. தரையைக் காலால் உந்தி உந்தி ஓடவேண்டும். கண்டோர் நகைத்தனர். ஆனால், இரண்டே சக்கரத்தில் விழாமல் செல்லலாம் என்ற உண்மை அன்று மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

1860களிலே பிரான்சு நாட்டிலே முன்சக்கரத்தில் மிதிகட்டை பூட்டினர். பிறகு, விரைவு வேண்டி, முன்சக்கரத்தை ஆள் உயரத்துக்குப் பெருக்கினர். விழுந்தால் தலை தப்பாது. 1885இல் இங்கிலாந்தின் கவண்ட்ரி நகரிலே சான் கெம்பு ஸ்டார்லி, இரு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கி, பின்சக்கரத்தைச் சங்கிலியால் இழுக்கும் வண்டியைக் கொணர்ந்தார். 1888இல் பெல்பாசுட்டு நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப், காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்துக்கு உரிமம் பெற்றார். எதற்காக அதைச் செய்தார்? அவருடைய சிறுவயது மகனின் மூன்று சக்கர வண்டி கல்தரையிலே குலுங்கியது. மகன் நோகாமல் ஓட்டட்டும் என்றே செய்தார். ஒரு குழந்தையின் வசதிக்காகப் பிறந்த காற்றுச் சக்கரத்தில்தான் இன்று உலகமே ஓடுகிறது!

இந்த வரலாற்றிலே கற்பிப்போருக்கு ஒரு பாடம் இருக்கிறது. மனித குலம் முதலில் கற்றது எது? மிதிப்பதை அல்ல, சமன் செய்வதை. குழந்தையும் அப்படியே கற்கவேண்டும். நாம் அந்தச் சிறுமியின் வண்டியிலிருந்து முதலிலே இரண்டு பெடல்களையும் கழற்றிவிட்டோம். இருக்கையை இறக்கி, இரு பாதமும் தரையிலே படியுமாறு வைத்தோம். காலால் உந்தி உந்தி ஓடச்சொன்னோம். 1817ஆம் ஆண்டின் வண்டி அக்காள்மடத்திலே ஓடிற்று! இரண்டு நாள் சென்றதும், உந்திய காலைத் தூக்கிக்கொண்டு இருபது அடி தானே சென்றாள். அதன்பிறகே பெடலை மாட்டினோம்.

இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்று நினைப்பதுதான் கற்போரின் இயல்பு. அச்சத்தின் இயல்பும் அதுவே. ஆனால், அப்படித் திருப்பினால் வண்டி விழும். எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே கைப்பிடியை மெல்லத் திருப்பவேண்டும், வண்டி நிமிரும். இதை மந்திரம் செய்வதில்லை, இயற்பியல் செய்கிறது. சக்கரம் சுழல்வதாலேயே வண்டி நிற்கிறது என்று நெடுங்காலம் நம்பினர். 2011இல் விஞ்ஞானிகள் சுழற்சியின் விளைவை நீக்கிய வண்டி ஒன்றைச் செய்து உருட்டிவிட்டுக் காட்டினர். அதுவும் ஆள் இல்லாமலே விழாமல் சென்றது. இருநூறு ஆண்டு ஓடிய வண்டியைப்பற்றியும் ஏன், எப்படி என்று கேட்கிறது அறிவியல். இருநூறு தலைமுறைப் பழக்கத்தைப்பற்றி நாம் கேட்கக்கூடாதா?

மேனாட்டிலும் இருந்தது வைதீகம்

வண்டி வந்தது. யார் ஏறலாம்? அங்கேதான் தகராறு எழுந்தது.

மேனாட்டிலே 1890களில் பெண்கள் மிதிவண்டியில் ஏறத் தொடங்கினர். உடனே மருத்துவப் பட்டம் பெற்றோர் சிலரே ஓடிவந்தனர். கருப்பை கெடும் என்றனர். முகம் கோணி அழகு குலையும் என்றனர். அந்தக் கோணலுக்கு 'மிதிவண்டி முகம்' என்று ஒரு நோய்ப்பெயரும் சூட்டினர்! ஒழுக்கம் குலையும் என்றனர் பாதிரிமார் சிலர். நம் ஊர் அப்பத்தா சொன்னதைத்தான் அங்கே கோட்டு அணிந்தவர்கள் சொன்னார்கள். பழமைக்கு நாடு இல்லை; மொழி இல்லை.

1897ஆம் ஆண்டு, மே மாதம். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்திலே பெண்களுக்குப் பட்டம் வழங்கலாமா என்று வாக்கெடுப்பு. ஆண் மாணவர்கள் தெருவிலே திரண்டனர். எதிர்ப்பைக் காட்ட என்ன செய்தனர் தெரியுமா? மிதிவண்டியில் அமர்ந்த பெண் ஒருத்தியின் பொம்மையைச் செய்து, சாலைக்குமேலே தொங்கவிட்டனர்! தீர்மானம் தோற்றது. பொம்மையைப் பிய்த்தெறிந்து கூத்தாடினர். படிக்கும் பெண்ணுக்கு அவர்கள் கண்ட உருவம், வண்டியோட்டும் பெண். கல்வியும் மிதிவண்டியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை, அவற்றை எதிர்த்தோரே நமக்கு எடுத்துக்காட்டினர். அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்க 1948 வரை ஆயிற்று.

அமெரிக்கத் தலைவி பிரான்சசு வில்லார்டு, தமது 53ஆம் வயதிலே மிதிவண்டி கற்றார். நாள்தோறும் சிறிது நேரமாக, ஏறத்தாழ மூன்று மாதம் பழகினார். அந்த அனுபவத்தை 1895இல் நூலாக எழுதினார். பெண் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் ஆந்தனி, பெண்களின் விடுதலைக்கு வேறெதையும்விட மிதிவண்டி மிகுதியாக உதவியது என்று 1896இல் கருத்துரைத்தார். வியப்பில்லை. வண்டியோட்ட இறுகிய உள்ளாடையும் தரையைப் பெருக்கும் பாவாடையும் ஒத்துவரவில்லை, உடை மாறியது. உடை மாறியதும் நடை மாறியது. நடை மாறியதும் நினைப்பு மாறியது.

நம் நாட்டுச் சாலையிலே

இந்தியாவுக்கு மிதிவண்டி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே கப்பலில் வந்தது. முதலில் ஏறியவர் வெள்ளைக்காரர்; அடுத்து ஏறியவர் வசதி படைத்தவர். விடுதலைக்குப் பின்னரே அது ஏழையின் வாயிலுக்கு வந்தது. 1949இல் முருகப்பா குழுமம் ஆங்கில நிறுவனத்துடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்சு நிறுவனத்தைத் தொடங்கிற்று; சென்னையை அடுத்த அம்பத்தூரிலே ஆலை எழுந்தது. எர்க்குலிசு வண்டி நம் தெருக்களிலே ஓடிற்று. பால்காரர், தபால்காரர், மீன் விற்போர், ஆசிரியர் என எத்தனை பேருக்கு அது கால் ஆயிற்று!

அக்காள்மடத்துக்கு அது எப்படி வந்திருக்கும்? பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. சாலைப் பாலமோ 1988இல்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட 74 ஆண்டுகள் தீவுக்குச் சாலையே இல்லை. எனவே, அந்நாளிலே இங்கு ஓடிய ஒவ்வொரு மிதிவண்டியும் ரயிலிலோ படகிலோ ஏறித்தான் வந்தாக வேண்டும். கடலைக் கடந்து வந்த வண்டி! ஆனால், வீட்டு வாசற்படியைக் கடந்து பெண்ணின் கைக்கு வர, அதற்கு இன்னும் நெடுங்காலம் பிடித்தது.

வண்டி வந்தும் சாலை எல்லோருக்கும் பொதுவாயிற்றா? இல்லை! வைக்கத்திலே கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே 1924இல் போராட வேண்டியிருந்தது. தந்தை பெரியார் சிறை புகவேண்டியிருந்தது. நடப்பதற்கே அந்தப் பாடு என்றால் ஓட்டுவதற்கு? உயர்சாதியார் தெரு வந்ததும், தாழ்த்தப்பட்ட தோழன் வண்டியைவிட்டு இறங்கி, செருப்பைக் கையிலே எடுத்துக்கொண்டு, தள்ளிக்கொண்டே போகவேண்டும் என்ற கொடுமை தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றிலே இருந்தது. இரும்பால் செய்த வண்டிக்குச் சாதி இல்லை. அதன்மேல் ஏறியவனிடம்தான் சாதி கேட்கப்பட்டது. ஏன்? இருக்கையில் அமர்ந்தவன் நிமிர்ந்திருக்கிறான். அந்த நிமிர்வுதான் அவர்கள் கண்ணை உறுத்திற்று!

சிறுவர்கள் கற்ற கதை நாமெல்லாம் அறிந்ததே. வாடகைச் சைக்கிள் கடையிலே அரைமணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து எடுப்பார்கள். வண்டி பெரிது, பையன் சிறியவன், இருக்கை எட்டாது. பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடலைக் கோணி, குரங்குப் பெடல் அடிப்பான். முழங்காலிலே தோல் உரியும். வீட்டிலே திட்டு விழும். ஆனாலும் மறுநாள் காசு கிடைக்கும். அந்தக் கடை வாசலிலே பெண்பிள்ளை நின்றதுண்டா? மிக அரிது. அவனுக்குக் காயம், வீரத் தழும்பு. அவளுக்குக் காயம், கல்யாணத் தடை! ஒரே மண், ஒரே முழங்கால், இரண்டு நீதி!

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். நம் கரைக்கு அருகே உள்ள தமிழ் மண். அங்கே அதைத் துவிச்சக்கர வண்டி என்பார்கள். மாணவியும் ஆசிரியையும் முதியவரும் அதில் செல்வது அங்கே அன்றாடக் காட்சி. அந்தத் தமிழச்சிக்குக் கெடாத பண்பாடு இந்தத் தமிழச்சிக்கு மட்டும் கெட்டுவிடுமா?

புதுக்கோட்டை காட்டிய புதுப்பாதை

புதுக்கோட்டை, கல் உடைக்கும் பூமி, வறண்ட பூமி. அங்கே 1886இல் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியிலே இடம் கேட்டபோது ஊர் எதிர்த்தது. எதிர்ப்பை மீறிப் படித்தார், மருத்துவர் ஆனார், சட்டமன்றத்திலே நுழைந்து தேவதாசி முறைக்கு எதிராகக் குரல் கொடுத்தார். அந்த ஒரு பெண் கல்லூரிக்குப் போக அவ்வளவு பாடு. அதே மண்ணிலே, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, ஆயிரமாயிரம் பெண்கள் ஒருசேரச் சாலையிலே கிளம்பினார்கள்!

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்திலே அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. எழுத்தறியாதவர்க்கு எழுத்தறிவிக்கும் இயக்கம். மாவட்ட ஆட்சித்தலைவராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்னும் அம்மையார். தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்று இரவு வகுப்பு நடத்தினர். அப்போது ஓர் உண்மை புலப்பட்டது. பெண் எழுத்தைக் கற்றாலும் ஊரைத் தாண்ட முடியவில்லை. எங்கே போகவேண்டுமானாலும் கணவனையோ, தமையனையோ, பேருந்தையோ எதிர்பார்க்கவேண்டும். பிறரை எதிர்பார்த்து நிற்பவள் எப்படித் தன்மானத்தோடு நிற்பாள்? எனவே, எழுத்தோடு மிதிவண்டியையும் சேர்த்தே கற்பிப்பது என்று முடிவாயிற்று.

சிந்தித்துப் பாருங்கள், தோழர்களே! 'அ' எழுதக் கற்பிப்பதும் பெடல் மிதிக்கக் கற்பிப்பதும் ஒரே பாடத்திட்டம்! உலகிலே எத்தனை எழுத்தறிவு இயக்கங்கள் இதை எண்ணின?

மைதானங்களிலே பயிற்சி நடந்தது. கல்லுடைக்கும் பெண்கள் வந்தார்கள். வயலிலே நாற்று நடும் பெண்கள் வந்தார்கள். பாலவாடி ஊழியர், கிராமச் செவிலியர், ஆசிரியை எல்லோரும் வந்தார்கள். கேலி பேசினோர் உண்டு. அசிங்கமாகப் பேசினோரும் உண்டு. பெண்கள் பொருட்படுத்தவில்லை. மகளிருக்கென்று செய்த வண்டி போதிய அளவு கிடைக்கவில்லை. அதனால் நின்றுவிட்டார்களா? ஆண்கள் ஓட்டும் வண்டியிலேயே ஏறினார்கள். 'இதுவே நல்லது, முன்பாரிலே பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம்' என்று கருதியோரும் உண்டு. பெண்ணுக்குத் தடை என்று சொல்லப்பட்ட அந்தக் கம்பி, குழந்தைக்கு இருக்கையாயிற்று!

1992ஆம் ஆண்டு உலக மகளிர் நாளன்று, கைப்பிடியிலே கொடி கட்டி, மணி ஒலிக்க, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையிலே வண்டி ஓட்டிச் சென்றனர். சாலையோரத்திலே நின்று வேடிக்கை பார்த்தவர்கள் ஆண்கள்! பத்திரிகையாளர் சாய்நாத் இதைப்பற்றி எழுதினார். அந்தக் கட்டுரை பின்னாளிலே இந்திப் பாடநூலிலும் இடம்பெற்றது. வடநாட்டுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலே நம் புதுக்கோட்டைப் பெண்களைப்பற்றிப் படித்தனர். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தக் கதை தெரியும்?

பயன் என்ன என்று கேட்கலாம். காலையிலே காய்கறியோ பாலோ கட்டிக்கொண்டு பேருந்துக்குக் காத்திருந்த பெண், தானே நேரத்தோடு சந்தைக்குச் சென்றாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பிலே சுமந்தவள் கேரியரிலே கட்டினாள். மிச்சமான நேரம் அவளுக்குச் சொந்தமாயிற்று. வருமானத்துக்கும் மேலாக அவர்கள் சொன்ன சொல் ஒன்றே: யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை! பகுத்தறிவு இயக்கம் தன்மானம் என்று எழுதியதை, அந்தப் பெண்கள் சாலையிலே ஓட்டிக் காட்டினர்.

வண்டி தந்தால் போதுமா?

தமிழக அரசு, தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்புகளைச் சேர்ந்த மேல்நிலை வகுப்பு மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டத்தை 2001-2002இல் தொடங்கிற்று. பின்னர் அது பிற வகுப்பு மாணவியருக்கும், மாணவர்களுக்கும் விரிந்தது. பீகார் அரசு 2006இல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்கு மிதிவண்டி வாங்கப் பணம் வழங்கிற்று. அங்கே கார்த்திக் முரளீதரன், நிசித் பிரகாசு என்ற பொருளியல் அறிஞர் இருவர் ஆராய்ந்தனர். உயர்நிலைப் பள்ளியிலே உரிய வயதில் சேரும் மாணவியர் தொகை 32 விழுக்காடு உயர்ந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இருந்த சேர்க்கை இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது என்று கண்டனர். அதிலும், பள்ளி எட்டியிருந்த ஊர்களிலேதான் பயன் மிகுதி. அக்காள்மடத்து அக்காளின் கதைக்கு, எங்கோ பீகாரிலே எண்ணாலே விளக்கம்!

நாமும் பதினோராம் வகுப்பிலே அரசு தந்த மிதிவண்டியைப் பெற்றவர்கள்தாம். அதனாலேயே படித்தோம், பட்டம் பெற்றோம், இன்று பாடம் சொல்கிறோம். நன்றி மறவோம். ஆனால், கண்டதைச் சொல்லவும் அஞ்சோம். நம்முடன் வண்டி பெற்ற தோழியருள் சிலருக்கு ஓட்டவே தெரியாது. அந்த வண்டி எங்கே போயிற்று? தம்பியிடம் போயிற்று, தகப்பனிடம் போயிற்று, சில வீடுகளிலே பாதி விலைக்கும் போயிற்று. பெயர் அவளுடையது, பயணம் அவனுடையது!

இன்னொன்றும் எண்ணவேண்டும். பதினோராம் வகுப்பில் சேர்ந்தால்தான் வண்டி. தொலைவுக்கு அஞ்சிப் பத்தோடு நிறுத்தப்பட்டவளுக்கு? வண்டி இல்லாததால் பள்ளி இல்லை. பள்ளி இல்லாததால் வண்டி இல்லை! இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, முன்கூட்டியே கற்பிப்பது. ஆறாம் வகுப்பிலேயே கற்றவள், பத்தாம் வகுப்பு முடிந்ததும், "யார் கூட்டிப்போவது?" என்ற கேள்விக்கு, "நானே போவேன்" என்று சொல்வாள். அவளை வீட்டிலே நிறுத்துவோருக்கு ஒரு காரணமாவது குறையும்.

வண்டியைக் கொடுப்பது கொடை. ஓட்டக் கற்பிப்பதே உரிமை. புதுக்கோட்டை இரண்டாவதைச் செய்தது. அதனாலேதான் அது வரலாறு ஆயிற்று.

அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஊருக்கு ஒரு பழைய வண்டி, ஒரு திருகுசாவி, ஒரு மைதானம், மாலையிலே ஒருமணி நேரம். படிப்பகத்திலே கூடும் இளைஞர்களே! பெண் விடுதலையைப்பற்றி மேடையிலே முழங்குகிறீர்கள், முழங்குங்கள். முழங்கிவிட்டு வீட்டுக்குப் போனதும் உங்கள் தங்கைக்கு மிதிவண்டி ஓட்டத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்றால், நாளை மாலையே வண்டியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வாருங்கள். பின்னாலே பிடியுங்கள். ஆனால், நெடுநேரம் பிடிக்காதீர்கள்!

ஏனெனில், கற்பிப்போர் செய்யும் பெரும்பிழை அதுவே. விழுந்துவிடுவாள் என்று பிடித்த பிடியை விடாதிருப்பது. பிடித்திருக்கும் வரையில் அவள் சமன் செய்யக் கற்கமாட்டாள்; நம் கையை நம்பவே கற்பாள். காவல் என்ற பெயரால் பெண்ணை எத்தனை நூற்றாண்டுகள் இப்படிப் பிடித்துக்கொண்டே ஓடினோம்! தந்தை பிடித்தான், கணவன் பிடித்தான், மகன் பிடித்தான். பிறகு, பெண்ணுக்குத் தனியே செல்லத் தெரியாது என்று நூல் எழுதி வைத்தான்! பிடிப்பது தொடக்கம், விடுவதே கல்வி.

எட்டாம் நாள் அந்தச் சிறுமி தானே ஓட்டினாள். நாம் கையை விட்டதுகூடத் தெரியாமல், தென்னை வரிசை முடியும் வரை போய், திரும்பிப் பார்த்து, நாம் தொலைவிலே நிற்பதைக் கண்டு, திகைத்து, விழுந்தாள். விழுந்து, சிரித்தாள். வேலியோரத்திலே நின்ற அப்பத்தா, அன்று ஒன்றும் சொல்லவில்லை.

சில நாள் சென்று, பொழுது சாயும் வேளையிலே அந்த வழியே போனோம். அந்த வீட்டுப் பின்புறத்திலே பேச்சுக்குரல். எட்டிப் பார்த்தோம். வண்டியின்மீது அமர்ந்திருந்தவள் அக்காள். பின்னாலே பிடித்துக்கொண்டு ஓடியவள் தங்கை. பெடல்கள் சுவரோரமாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன! முறையை மறக்கவில்லை, நம் மாணவி.

பதினோராம் வகுப்புக்கான விண்ணப்பத்தை வாங்கிவந்து அந்த வீட்டிலே கொடுத்திருக்கிறோம். தகப்பனின் கையொப்பம் இன்னும் விழவில்லை. விழும்வரை போவோம், பேசுவோம்.

அன்று மாலை காதிலே விழுந்தது இது:

"விட்றாதடி, விட்றாதடி!"

"எப்பவோ விட்டாச்சுக்கா! நீதான் போய்க்கிட்டிருக்க!"